பென் டிரைவ் வைரஸ்: கடைத்தெருவே சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?

மன்னை ஜெராக்ஸ் கேட்டது:

வணக்கம். மன்னார்குடியில் ஒரு கல்லூரிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஸ்பைரல் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். இரண்டு சிஸ்டம், ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின், ஒரு கேனான் 2900 பிரிண்டர். ப்ராஜெக்ட் கொடுக்கும் சமயத்தில் பிள்ளைகள் கையில் பென் டிரைவோடு வாசல் வரை நிற்பார்கள்.

பிரச்சினை அந்தப் பழைய ஷார்ட்கட் வைரஸ்தான். பென் டிரைவைச் செருகினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகிவிடுகிறது. "அக்கா, உங்க கடையில போட்டதுக்கு அப்புறம்தான் என் ஃபைல் போச்சு" என்று ஒரு பெண் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாள். சர்வீஸ் தம்பி வருகிறார், ஃபார்மேட் அடிக்கிறார், விண்டோஸ் போடுகிறார், காசு வாங்கிக்கொண்டு போகிறார். கொஞ்ச நாளில் வைரஸ் திரும்ப வந்துவிடுகிறது.

விசாரித்தால் தெருவில் எல்லோருக்கும் இதே கதை. எதிரே ஃபோட்டோ ஸ்டூடியோ, முனையில் பிளெக்ஸ் கடை, மாடியில் டைப்பிங் சென்டர், இன்னும் இரண்டு ஜெராக்ஸ் கடைகள். அதே பிள்ளைகள், அதே பென் டிரைவ், இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. ஹாஸ்டலில் ஒரு பிள்ளைக்குப் பேன் வந்தால் அறையில் எல்லோர் தலைக்கும் மருந்து போட்டால்தான் ஒழியும், இதுவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நான் மட்டும் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கி என்ன செய்ய?

எங்களுக்குள் ஏற்கெனவே ஒரு மாதச் சீட்டு ஓடுகிறது, அதனால் சேர்ந்து காசு போடுவதில் யாருக்கும் தயக்கமில்லை. எதற்குப் போடுவது என்பதுதான் குழப்பம். சர்வீஸ் தம்பி, "எல்லாக் கடை சிஸ்டத்திலும் எனிடெஸ்க் என்ற ரிமோட் ஆப் போட்டு ஒரே பாஸ்வேர்டு வைத்துவிடுகிறேன், வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், கடைக்கு மாதம் 300 கொடுங்கள்" என்கிறார். ஸ்டூடியோ அண்ணன், எந்தத் தளம் நல்லது, எது மோசம் என்று பயன்படுத்துகிறவர்களே மார்க் போடும் ஒரு எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்க்கும் சின்ன புரோகிராம்) எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு ஒரு வாட்ஸப் குரூப் வைத்தாலே போதுமோ என்று தோன்றுகிறது. எனக்கு டைப்பிங்கும் பிரிண்டும்தான் தெரியும், கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்.

பழைய மதர்போர்டு, காரைக்குடி:

தங்கச்சி, முதலில் அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து "உன் ஃபைல் எங்கேயும் போகவில்லை" என்று சொல்லுங்கள். ஷார்ட்கட் வைரஸ் பெரும்பாலும் எதையும் அழிப்பதில்லை. அசல் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், அசல் ஃபோல்டரும் திறக்கும். ஃபோல்டர் திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. மீட்பது சுலபம்: சுத்தமான ஒரு சிஸ்டத்தில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, அந்த டிரைவுக்குப் போய், ஆட்ரிப் கட்டளையோடு மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், பிறகு சாய்கோடு எஸ், சாய்கோடு டி கொடுத்தால் மறைந்தது எல்லாம் வெளியே வரும். சில வகை வைரஸ் எல்லாவற்றையும் பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வைத்திருக்கும். அதுவும் இதில் தெரிந்துவிடும்.

நான் பல வருடம் ஹார்டுவேர் சர்வீஸ் பார்த்தவன். இப்போது கல்யாணப் பத்திரிகை, டிடிபி. அந்தக் காலத்தில் பென் டிரைவைச் செருகினாலே போதும், ஆட்டோரன் வழியாக வைரஸ் தானாக ஓடும். 2008-ல் வந்த கான்ஃபிக்கர் அப்படியும் பரவியது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பி, விஸ்டா சிஸ்டங்களுக்கும் அப்டேட் அனுப்பி அந்த வழியை அடைத்தது. விண்டோஸ் 7-ல் முதலிலேயே அடைத்திருந்தார்கள். அதன் பிறகு இந்த ஷார்ட்கட் வித்தை பெருகிவிட்டது, ஏனென்றால் இதற்கு நாமே கிளிக் செய்ய வேண்டும். அதாவது வாடிக்கையாளரின் பென் டிரைவை எந்தச் சிஸ்டத்தில், யார், எப்படித் திறக்கிறார்கள் என்பதை ஒழுங்கு செய்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. ஆன்டிவைரஸ் அதற்குப் பிறகுதான்.

எங்கள் தெருவில் செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு கடையிலும் ஒரு பழைய சிஸ்டம் மூலையில் தூசியோடு கிடக்கும், உங்கள் தெருவிலும் கிடக்கும், பாருங்கள். 4 ஜிபி ராம் இருந்தால் போதும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினோம். பழைய சிஸ்டம்கூட இல்லாத கடைகளுக்குப் பொதுக்காசில் செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்தோம். விதி ஒன்றுதான்: வெளியாள் பென் டிரைவ் அந்தச் சிஸ்டத்தைத் தவிர வேறு எதிலும் ஏறக் கூடாது. விண்டோஸ் ஷார்ட்கட்டோ இஎக்ஸ்இ ஃபைலோ அங்கே கிளிக் செய்தாலும் ஓடாது. மறைந்திருக்கும் ஃபோல்டரும் பளிச்சென்று தெரியும். வேர்டு, பிடிஎஃப், படம், இவற்றை மட்டும் எடுத்து ஷேர் ஃபோல்டரில் போட்டுவிட்டு பென் டிரைவைக் கையில் கொடுத்துவிட வேண்டும். பிரிண்ட் வழக்கம்போல விண்டோஸில்.

லினக்ஸிலிருந்தே பிரிண்ட் கொடுக்கலாமே என்று சில பிள்ளைகள் யோசனை சொல்வார்கள். வேண்டாம். கேனான் 2900-க்கு லினக்ஸில் டிரைவர் போடுவது ஒரு தனித் தலைவலி. அது போக, பாமினி, வானவில் தமிழ் எழுத்துருக்களில் அடித்த வேர்டு ஃபைலை, லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபிஸில் திறந்தால் வரி இடம் மாறும், பக்கம் கூடும், அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போகும். பைண்டிங் போட்ட பிறகு அதைக் கண்டுபிடித்தால் சண்டைதான். விண்டோஸில் வேர்டு ஃபைலைத் திறக்கும்போது மேக்ரோவை (ஃபைலுக்குள்ளேயே இருக்கும் சின்ன புரோகிராம்) எனேபிள் செய்யவா என்று கேட்டால் மட்டும் செய்யாதீர்கள்.

இவ்வளவு செய்தும் எங்களுக்கு வைரஸ் திரும்ப வந்தது. எங்கள் தெருப் பிளெக்ஸ் கடையிலிருந்து! அவர் பென் டிரைவ் விதியைச் சரியாகப் பின்பற்றினார், ஆனால் டிசைன் சாஃப்ட்வேர் எல்லாம் கிராக். கிராக் போடும்போது முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் அல்லவா? அவருக்குப் போட்டுக் கொடுத்த ஆள், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில், சோதிக்காமல் விட வேண்டியவற்றின் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் மொத்தத்தையும் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தது. உங்கள் சிஸ்டத்திலும் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று இருப்பதைத் திறந்து பாருங்கள், இப்போதே.

கிராக் வழியாக ஷார்ட்கட் வைரஸ் மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள். ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று சொல்லும் ரான்சம்வேர் வகை பெரும்பாலும் கிராக்கோடு ஒட்டிக்கொண்டுதான் வீட்டுச் சிஸ்டங்களுக்கு வந்தது. எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். அப்படி யாருக்காவது நடந்தால் பணம் கட்டுவதற்கு முன் "நோ மோர் ரான்சம்" தளத்தைப் பாருங்கள். 2016 ஜூலையில் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் இரண்டு ஆன்டிவைரஸ் கம்பெனிகளும் சேர்ந்து தொடங்கியது, பூட்டைத் திறக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கும். 2019 அக்டோபரில் மைக்கேல் கில்லெஸ்பி என்பவரும் எம்சிசாஃப்ட் கம்பெனியும் சேர்ந்து இந்த ஸ்டாப் வகையில் மட்டும் 148 உருவங்களுக்குத் திறவுகோல் வெளியிட்டார்கள். எல்லா வகைக்கும் கிடைக்காது, ஆனாலும் பார்க்காமல் காசு கட்டக் கூடாது.

பிளெக்ஸ் கடைக்காரருக்குத் தன் சிஸ்டத்தில் ஏதோ இருப்பது முன்பே தெரியும். வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. அதனால் இப்போது எங்களுக்குள் ஒரு பேச்சு: யார் "வந்துவிட்டது" என்று சொன்னாலும் "எப்படி வந்தது, கிராக்கா, கண்ட கண்ட தளமா" என்று யாரும் கேட்கக் கூடாது. என்ன பெயரில் ஃபைல், எந்தக் கல்லூரிப் பிள்ளையின் பென் டிரைவ், சிஸ்டம் எப்படி நடந்துகொண்டது, அவ்வளவுதான். கிண்டல் செய்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் லினக்ஸ் சிஸ்டத்தைவிட இதுதான் அதிகம் உதவியது.

நம்பாதவன்:

மதர்போர்டு சார் சொன்னது சரி. அந்த மற்ற இரண்டு யோசனைகளைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுமே ஆபத்து.

ஒரே பாஸ்வேர்டில் ஆறு கடை. அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவர் ஃபோன் தொலைந்தால்? உங்களில் ஒருவரோடு அவருக்குக் காசுத் தகராறு வந்தால்? ரிமோட் ஆப்பை வைத்து யுபிஐ பணத்தை எடுக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே வங்கிகளை எச்சரித்தது. ரிமோட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் இல்லாதபோது உள்ளே வரும் வசதியை அணைத்துவிடுங்கள், கடைக்காரர் முன்னால் உட்கார்ந்து அக்செப்ட் கொடுத்தால் மட்டும் வரட்டும். கடைக்குக் கடை வேறு பாஸ்வேர்டு. விண்டோஸ் அட்மின் கணக்கு முதலாளி கையில், தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டு கணக்கு.

அடுத்து, ஜனங்கள் மார்க் போடும் எக்ஸ்டென்ஷன். கேட்க நன்றாக இருக்கும். வெப் ஆஃப் டிரஸ்ட் என்று ஒன்று, பின்லாந்தில் தொடங்கியது, கோடிக்கணக்கானவர்கள் போட்டிருந்தார்கள். தளத்துக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டம் காட்டும். மார்க் காட்ட வேண்டுமானால் நீங்கள் போகும் ஒவ்வொரு முகவரியும் அதற்குத் தெரிய வேண்டும். 2016 நவம்பரில் ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனச் செய்தியாளர்கள், அது சேர்த்த பிரவுசிங் விவரம் விற்பனைக்குப் போவதையும் அதிலிருந்து தனி ஆட்களை அடையாளம் காண முடிவதையும் வெளியிட்டார்கள். மொசில்லா, கூகுள் இரண்டின் எக்ஸ்டென்ஷன் கடைகளிலிருந்தும் அது காணாமல் போனது. மாற்றங்கள் செய்துவிட்டுப் பிறகு திரும்பி வந்தது, அது வேறு கதை. ஊர் கூடி உழைத்தது, நடுவில் இருந்தவர் சம்பாதித்தார்.

இதற்கு நேர் எதிர் யூபிளாக் ஆரிஜின், விளம்பரங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன். ரேமண்ட் ஹில் என்பவர் எழுதியது. அது பயன்படுத்தும் ஈஸிலிஸ்ட் மாதிரித் தடைப் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எதைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், சண்டை போடலாம். முக்கியமாக, பட்டியல் உங்கள் சிஸ்டத்துக்கு வருகிறது, ஒப்பிடுவது உள்ளேயே நடக்கிறது. நீங்கள் போகும் முகவரி வெளியே போவதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் முழுமையானது வேலை செய்யும். குரோமில் பழையதை நிறுத்திவிட்டார்கள், லைட் மட்டும் கிடைக்கும். ஹால் டிக்கெட் தேடும்போது பெரிய பச்சை "டவுன்லோடு" பட்டன் நாலு வருமே, அதில் மூன்று விளம்பரம். அந்த மூன்றும் போய்விடும்.

மன்னை ஜெராக்ஸ்:

மதர்போர்டு அண்ணா, பார்த்தேன். என் இரண்டாவது சிஸ்டத்தில் சி டிரைவ் அப்படியே விலக்குப் பட்டியலில் இருக்கிறது. மாடி டைப்பிங் சென்டரிலும் அதேதான். இரண்டுக்கும் விண்டோஸ் போட்டது ஒரே ஆள்.

இன்னும் இரண்டு கேள்வி. பென் டிரைவே வேண்டாம் என்று பாதிப் பேர் வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஊரில் பாதிப் பேருடைய ஆதார், பான் கார்டு, பயோடேட்டா கிடக்கிறது. இதையும் பாதுகாப்பு என்று பார்க்க வேண்டுமா? ஸ்டூடியோ அண்ணன் இப்போது வைரஸ்டோட்டல் என்று ஒரு தளம் காட்டுகிறார். சந்தேகமான ஃபைலைப் போட்டால் எழுபது ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்கிறது, இலவசம். வருகிற ஃபைல் எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்த்துவிடலாமா?

பழைய மதர்போர்டு, காரைக்குடி:

வருகிற ஃபைல் எல்லாவற்றையுமா? கூடவே கூடாது.

வைரஸ்டோட்டல் நல்ல தளம். 2004-ல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012-ல் கூகுள் வாங்கியது. நீங்கள் ஏற்றும் ஃபைல் ஆன்டிவைரஸ் கம்பெனிகளுக்குப் போகும், காசு கட்டிய வாடிக்கையாளர்களும் அதை இறக்கிப் பார்க்க முடியும். எல்லோரும் எல்லோருக்கும் கொடுப்பதால்தான் அது வேலை செய்கிறது. இஎக்ஸ்இ ஃபைலைக் கொடுங்கள், புண்ணியம். ஒருவருடைய ஆதாரையோ மருத்துவ ரிப்போர்ட்டையோ கொடுக்க நமக்கு என்ன உரிமை? சந்தேகம் தீர வேண்டுமானால் ஃபைலின் ஹாஷை, அதாவது அதன் கைரேகை மாதிரியான எண்ணை மட்டும் எடுத்துத் தேடுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் செர்ட்யூட்டில், மைனஸ் ஹாஷ்ஃபைல், ஃபைல் பெயர், எஸ்ஹெச்ஏ256. வரும் நீளமான எண்ணை அந்தத் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டினால், வேறு யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால் முடிவு வரும். ஃபைல் உங்களிடமே இருக்கும்.

ஆதார் விஷயம் உங்கள் தொழிலுக்கே உரியது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டர் சிஸ்டத்தில் இறக்கினால் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில் மத்திய அரசு, தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனாலும் அதிலிருந்த அழிக்கும் யோசனை நல்லதுதான். இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருடம். பக்கத்து ஃபோல்டரில் அதே ஆளின் பயோடேட்டா இருந்தால் இரண்டுமே அதில் இருக்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் சென்ஸ் என்று இருக்கிறது. தொடாமல் கிடக்கும் டவுன்லோட்ஸ் ஃபைலை ஒரு நாளில் அழிக்கும்படி வைக்கலாம். மறுபிரிண்ட் கேட்டு வருபவர்கள் ஃபைலை மறுபடி அனுப்பட்டும். வாடிக்கையாளர் தன் வாட்ஸப்பை உங்கள் சிஸ்டத்தில் திறந்து எடுப்பதாக இருந்தால் லாக் அவுட் ஆகும் வரை நகரவிடாதீர்கள். எங்கள் தெருவில் இதைத் தினமும் கடை சாத்துவதற்கு முன் ஆள் மாற்றி ஆள் குரூப்பில் ஞாபகப்படுத்துகிறோம். சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

நூலகப் பூனை:

வாட்ஸப் குரூப் பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், எங்களிடமும் இப்படி ஒரு குரூப் இருக்கிறது. அதற்கு வைரஸைவிடப் பெரிய தொல்லை ஃபார்வர்டு. "நாளை மார்ட்டினெல்லி என்று ஒரு வீடியோ வரும், திறந்தால் ஃபோன் ஹேக் ஆகிவிடும், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று வருமே, அது பல வருடமாக உலகம் முழுக்கச் சுற்றும் புரளி, அப்படி ஒரு வீடியோவே இல்லை. பத்து ஃபார்வர்டு வந்தால் பதினொன்றாவதாக வரும் உண்மையான எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் நாங்கள் ஃபார்வர்டை மொத்தமாக நிறுத்திவிட்டோம். தன் சிஸ்டத்தில், தன் ஃபோனில் நடந்ததை மட்டும் போடலாம், அதுவும் ஸ்கிரீன்ஷாட்டாக. லிங்க்கையோ ஏபிகே ஃபைலையோ (ஃபோனில் ஆப் ஏற்றும் ஃபைல்) "ஜாக்கிரதை" என்று எழுதி அப்படியே போட்டால் யாராவது ஒருவர் தொட்டுப் பார்ப்பார், கல்யாணப் பத்திரிகை என்று பெயர் வைத்த ஏபிகேவை இப்படித்தான் நிறையப் பேர் தொடுகிறார்கள். குரூப்பின் மேலே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைப் பின் செய்து வையுங்கள். பணம் போனால் முதலில் அதற்குத்தான் ஃபோன், குரூப்பில் புலம்புவதெல்லாம் பிறகு. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

அக்கா, உங்கள் சிஸ்டங்கள் விண்டோஸ் 10-ஆ? அதற்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் முடிந்துவிட்டது. கூடுதல் அப்டேட்டுக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை ஓட்டலாம். பதிவு செய்திருக்கிறதா என்று ஆறு கடையிலும் பாருங்கள்.

மன்னை ஜெராக்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கடை சாத்திவிட்டு எல்லோரும் ஸ்டூடியோவில் உட்கார்ந்தோம். பிளெக்ஸ் கடை அண்ணன் முதலில் "என்னிடம் ஒன்றும் இல்லை" என்றார். அண்ணா சொன்ன அந்த "எப்படி என்று கேட்கக் கூடாது" விதியைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, சிஸ்டத்தைத் திறந்து காட்டினார். அவரிடமும் விலக்குப் பட்டியல் நீளமாக இருந்தது. சீட்டுக் காசிலிருந்து இரண்டு பழைய சிஸ்டம் வாங்குகிறோம். சர்வீஸ் தம்பியிடம் ரிமோட் விஷயத்தைச் சொன்னோம், முகம் கொஞ்சம் மாறியது, பிறகு சரி என்றார். அவருக்கும் மின்ட் போட்டுப் பழக்கமில்லையாம், கற்றுக்கொள்கிறேன் என்கிறார்.

லினக்ஸ் சிஸ்டத்திலிருந்து விண்டோஸுக்கு ஷேர் ஃபோல்டர் வைக்கும்போது ஏதோ எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்ய வேண்டும் என்று அவர் சொல்கிறார். மாடி டைப்பிங் சென்டரில் ஒரு எக்ஸ்பி சிஸ்டம் இன்னும் ஓடுகிறது, அதற்கும் சேர்த்துத்தான். செய்யலாமா?

பழைய மதர்போர்டு, காரைக்குடி:

வேண்டாம். எஸ்எம்பி என்பது சிஸ்டங்கள் ஒன்றோடொன்று ஃபைலைப் பகிர்ந்துகொள்ளும் முறை, 1 என்பது அதன் பழைய வடிவம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்க ஓடியது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். யாரும் எதையும் கிளிக் செய்யாமலே சிஸ்டத்திலிருந்து சிஸ்டத்துக்குத் தாவியது. மின்ட்டும் விண்டோஸ் 10-ம் புதிய எஸ்எம்பியிலேயே பேசிக்கொள்ளும், ஷேர் ஃபோல்டருக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வைத்தால் போதும், கெஸ்ட் அனுமதி வேண்டாம். எக்ஸ்பி சிஸ்டத்தின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு டைப்பிங் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தம்பி மின்ட் போடும்போது எங்காவது நின்றுவிட்டால் ஸ்கிரீனை ஃபோட்டோ எடுத்து இங்கேயே போடச் சொல்லுங்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நான் பார்ப்பேன்.